திறனைச் சொல்லுதலும் திறனுக்குச் சான்று தருதலும்: தமிழக இளைஞரின் வேலை விண்ணப்பம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அரசு வேலைக்குப் போகும் வழி ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்த வழி. தேர்வாணையத் தேர்வு என்றால் மதிப்பெண் பேசும். வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவு மூப்பு பேசும். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், தமக்கு என்ன வேலை தெரியும் என்று யாரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் நிறுவனத்தின் வாசலில் அந்த வசதி கிடையாது. அங்கே முன்பின் தெரியாத ஒருவரிடம், சில நிமிடங்களுக்குள், "என்னால் இது முடியும்" என்று சொல்லவும் வேண்டும். அதை அவர் நம்பவும் வேண்டும்.

இக்கட்டுரை இந்த இரண்டாவது பகுதியை, அதாவது நம்பிக்கையை, ஆராய்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல், கலை அறிவியல் படிப்புகளை முடித்து முதல் வேலை தேடுவோரும், ஓரிரு ஆண்டு அனுபவத்தோடு அடுத்த வேலைக்கு முயல்வோரும் இதன் எல்லைக்குள் வருகின்றனர். அரசுப் பணித் தேர்வுகளும் உயர்மட்ட நிர்வாகப் பணிகளும் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் வெளியிட்டுள்ள ஆய்வுகளையும், நம் ஊரில் புழங்கும் ரெஸ்யூம் வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே ஆய்வு முறை.

கட்டுரையின் துணிபு இது: வேலை தருபவரின் மனத்தை மாற்றுவது தன்னைப் பற்றிய நல்ல சொற்களன்று. பொய்யாகச் சொல்வதற்குக் கடினமானதும், உண்மையா என்று பார்ப்பதற்கு எளிதானதுமான விவரமே மாற்றுகிறது.

2. கோட்பாட்டு அடிப்படை

வேலை தேடுபவருக்குத் தன் கைவேலை எவ்வளவு என்று ஓரளவு தெரியும். வேலை தருபவருக்குத் தெரியாது. இப்படி ஒரு தரப்புக்குத் தெரிந்து மறு தரப்புக்குத் தெரியாத நிலையில் சந்தை எப்படிக் கெடுகிறது என்பதை 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை வைத்து விளக்கினார். மூன்றாண்டு கழித்து, 1973இல், மைக்கேல் ஸ்பென்ஸ் அதே சிக்கலை வேலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஸ்பென்ஸின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓர் அடையாளம் திறமைக்கு அறிகுறியாக வேண்டுமானால், அதைப் பெறுவது திறமை உள்ளவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு எளிது என்றால் இருவருமே அதைப் பெற்றுவிடுவார்கள். பிறகு அந்த அடையாளத்தைப் பார்த்து யாரையும் பிரித்தறிய முடியாது.

இதிலிருந்து இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, ஒரு கூற்றைப் பொய்யாகச் சொல்ல எவ்வளவு செலவாகும்? இரண்டாவது, அதைச் சரிபார்க்க வேலை தருபவருக்கு எவ்வளவு செலவாகும்? முதற்செலவு கூடுதலாகவும் இரண்டாம் செலவு குறைவாகவும் இருந்தால் அது நல்ல சான்று. இரண்டாவது அளவுகோலைப் பலரும் கவனிப்பதில்லை. இருபது பக்கச் சான்றிதழ் நகல்களை இணைத்து அனுப்புகிறவர் உண்மையைத்தான் அனுப்புகிறார். ஆனால் அத்தனையையும் புரட்டிப் பார்க்கும் வேலையை எதிராளி தலையில் கட்டிவிடுகிறார்.

3. தற்புகழ்ச்சி என்னும் தயக்கம்

தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்வது நம்மவர்களுக்குக் கூச்சமான காரியம். அடக்கத்தைப் பண்பாகக் கற்பித்து வளர்த்த பிள்ளையிடம், நேர்காணலில் மட்டும் அடக்கத்தை விடு என்றால் அவன் திகைக்கிறான். சிலர் வாயே திறப்பதில்லை. வேறு சிலர் இணையத்தில் கிடைத்த மிகைச் சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். இரண்டும் ஒரே தயக்கத்தின் இரு வடிவங்கள்தாம்.

இந்தத் தயக்கத்துக்கு நம் மரபிலேயே விடை உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம், தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் விதிக்கிறது. அடுத்தபடியாக விலக்குகளையும் சொல்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிர்த்தரப்பு தன்னைப் பழிக்கும்போது ஆகிய நான்கு இடங்களில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறது அந்நூல். விண்ணப்பம் எழுதுகிறவர் முதலிரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் நிற்கிறார். அவர் எழுதுவது அதிகாரம் உள்ளவருக்கு அனுப்பும் ஓலை. படிக்கப்போகிறவர் அவரது ஆற்றலை அறியாதவர்.

அந்த விலக்கு ஆற்றல் உள்ளவருக்கே உரியது என்பதையும் மறக்க வேண்டாம். இல்லாததை உண்டு என்று சொல்ல நன்னூல் இடம் தரவில்லை. எனவே கேள்வி, சொல்லலாமா கூடாதா என்பதன்று. எந்த வடிவில் சொன்னால் அது புகழ்ச்சியாக இல்லாமல் தகவலாக நிற்கும் என்பதே.

4. வழக்கிலுள்ள ரெஸ்யூம்: ஒரு வாசிப்பு

நம் கல்லூரிகளில் கைக்குக் கை மாறி வரும் ஃப்ரெஷர் ரெஸ்யூமின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மேலே "கேரியர் ஆப்ஜெக்டிவ்": வளர்ந்துவரும் நிறுவனத்தில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தோடு நானும் வளர வேண்டும் என்ற பொருளில் ஒரு பத்தி. அதன் கீழே பத்தாம் வகுப்பு முதல் மதிப்பெண் அட்டவணை. பிறகு "ஸ்ட்ரெங்த்" என்ற தலைப்பில் கடின உழைப்பு, டீம் ஒர்க், சீக்கிரம் கற்றுக்கொள்ளும் இயல்பு. பொழுதுபோக்காகக் கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. தனி விவரத்தில் தந்தை பெயர், மதம், திருமண நிலை. கடைசியில், மேற்கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்ற உறுதிமொழியும் கையெழுத்தும்.

இந்தத் தாளுக்கு ஓர் எளிய சோதனை வைக்கலாம். மேலே உள்ள பெயரை அடித்துவிட்டு, பக்கத்து பெஞ்சு நண்பன் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். எந்தெந்த வரிகள் அப்போதும் பொய்யாகவில்லையோ அவை எல்லாம் வீண் வரிகள். மேற்சொன்ன அமைப்பில் மதிப்பெண் அட்டவணையும் தனி விவரமும் தவிர மற்ற அனைத்தும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். தனி விவரத்துக்கோ வேலைத் திறனோடு தொடர்பே இல்லை. ஆக, ஒன்றரைப் பக்கத் தாளில் வேலை தருபவருக்குக் கிடைப்பது மதிப்பெண் மட்டுமே. பிறகு அவர் மதிப்பெண்ணையும் அரியரையும் வைத்தே ஆளைக் கழிக்கிறார் என்று குறைப்படுவதில் பொருளில்லை. பார்ப்பதற்கு வேறு எதையும் நாம் கொடுக்கவில்லை.

இனி ஒரே ஆளைப் பற்றிய இரு வடிவங்களை ஒப்பிடுவோம். எடுத்துக்காட்டுக்காக எழுதப்பட்டவை இவை. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்த டர்னர், ஒசூரில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

முதல் வடிவம்: "சி.என்.சி. மெஷின் நன்றாகத் தெரியும். கடின உழைப்பாளி. எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்."

இரண்டாம் வடிவம்: "ஃபானக் கன்ட்ரோல் உள்ள சி.என்.சி. லேத்தில் 14 மாதம்; பகல், இரவு இரண்டு ஷிஃப்டும். பம்ப் ஷாஃப்ட், புஷ் டர்னிங். இன்செர்ட் மாற்றுவது, டூல் ஆஃப்செட் கொடுப்பது, முதல் பீஸை அளந்து பார்ப்பது தனியாகச் செய்வேன். 0.02 மி.மீ. டாலரன்ஸ் வரை வேலை பார்த்திருக்கிறேன். புரோகிராமைப் படித்துத் திருத்துவேன்; புதிதாக எழுதிப் பழக்கமில்லை."

இரண்டாம் வடிவத்தில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனால் அதைப் படிக்கும் சூப்பர்வைசருக்கு இந்த ஆளை எந்த மெஷினில் நிறுத்தலாம், எவ்வளவு நாள் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது புரிந்துவிடுகிறது. சரிபார்ப்பதும் எளிது: மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஒரு ஷாஃப்டை அளக்கச் சொன்னால் போதும். மெஷினைத் தொடாதவர் இந்த வரிகளை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

கடைசி வரி தனிக் கவனத்துக்குரியது. "புதிதாக எழுதிப் பழக்கமில்லை" என்று எல்லையைச் சொன்னதால், அதற்கு முன் சொன்னவை அனைத்தும் எடை கூடி நிற்கின்றன. எல்லாம் தெரியும் என்பவரிடம் எதைக் கேட்பது என்று தெரியாது. இதுவரை தெரியும் என்பவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும்.

வடிவம் பற்றி ஒரு சிறு குறிப்பு. நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுவோர் குறிப்பிட்ட சொற்களை இட்டே தேடுகின்றனர். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் மென்பொருள் பிரித்தெடுக்கிறது. ஆகவே விளம்பரத்தில் கருவிக்கும் பணிக்கும் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயர், தெரிந்த அளவுக்கு, ரெஸ்யூமிலும் இருக்க வேண்டும். படங்களும் இரட்டைப் பத்திகளும் நிறைந்த அலங்கார வடிவத்தை மென்பொருள் தவறாகப் படிக்க இடமுண்டு. இதற்குமேல் வடிவத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை.

5. சான்றின் வகைகள்

வேலை தேடுபவர் தரக்கூடிய சான்றுகளை ஐந்தாக வகுக்கலாம். மேற்சொன்ன இரு அளவுகோல்களின்படி ஒவ்வொன்றின் வலிமையும் வேறு.

5.1 தன்கூற்று

பொறுமை, நேர்மை, தலைமைப் பண்பு போன்ற குணச் சொற்கள் இவ்வகை. சொல்வதற்குச் செலவே இல்லை. சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே வலிமை மிகக் குறைவு. குணத்தைச் சொல்லியே ஆக வேண்டுமானால், அது வெளிப்பட்ட ஒரு செயலாக மாற்றிச் சொல்ல வேண்டும். "நேரம் தவறாதவன்" என்பதைவிட, "அதிகாலை 6 மணி ஷிஃப்டில் ஓராண்டு வேலை பார்த்தேன், வருகைப் பதிவு அந்த ஆபீஸில் இருக்கும்" என்பது மேல்.

5.2 சான்றிதழ்

சான்றிதழின் மதிப்பு அது எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு நாள் வெபினாரில் உட்கார்ந்திருந்த அனைவருக்கும் வரும் சான்றிதழ் யாரையும் பிரித்துக் காட்டாது. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளுக்கும் இது ஒரு பாடம். ஒரு வகுப்பே சேர்ந்து படித்த படிப்பில் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும். அந்தப் படிப்பில் ஒருவர் தன் கையால் செய்து முடித்த பயிற்சி வேலையே அவருக்கென்று நிற்கும். ரெஸ்யூமில் எழுத வேண்டியது அதைத்தான்.

ஐ.டி.ஐ. முடித்தவரின் தேசியத் தொழிற்சான்றிதழ், 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவரின் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் ஆகியவற்றின் எடை வேறு. தேர்வு உண்டு, கைவேலை உண்டு, கால அளவு உண்டு. 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, திறன்களை நிலைகளாக அடுக்கியது. 2015இல் வந்த டிஜிலாக்கர், சான்றிதழ் உண்மையா என்று பார்க்கும் செலவைக் குறைத்தது. நகலைவிட அந்த இணைப்பை அனுப்புவது எதிராளிக்கு எளிது.

சான்றிதழை வேலை தருபவர் கண்ணில் படவைப்பதே ஒரு தனிப் பயன் என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை தேடிய இளைஞர்களுக்குக் கணக்கு, மொழித்தொடர்பு, திட்டமிடல் முதலிய திறன்களில் தேர்வு வைத்தார்கள். முடிவை நிறுவனங்களிடம் காட்டத்தக்க சான்றிதழாகப் பெற்றவர்களிடையே, ஒப்பீட்டுக் குழுவைவிட, வேலை கிடைத்தோர் விகிதம் சுமார் 17 விழுக்காடு கூடியது. தன் முடிவைத் தானறிந்து, காட்டும்படியான சான்றிதழ் பெறாதவர்களுக்கு அந்த அளவு வேலை உயர்வு கிட்டவில்லை. கரான்சா, கார்லிக், ஓர்கின், ராங்கின் ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இது. திறமை இரு குழுவிலும் இருந்தது. காட்டும் வழி ஒரு குழுவிடம்தான் இருந்தது.

5.3 செய்த வேலையின் விவரம்

"எனக்கு அனுபவம் இல்லை" என்பது ஃப்ரெஷர்கள் தாங்களாகவே ஒப்புக்கொடுக்கும் தோல்வி. சம்பளம் வாங்கிய வேலைதான் அனுபவம் என்று கருதுவதால் வரும் பிழை. அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு இரண்டாண்டு கணக்கு எழுதிய பி.காம். மாணவி, பேரேடு பராமரித்திருக்கிறார், பாஸ்புக்கோடு சரிபார்த்திருக்கிறார், கடன் தவணை பாக்கி யாருக்கு எவ்வளவு என்று மாதந்தோறும் கூட்டத்தில் படித்துச் சொல்லியிருக்கிறார். அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலைக்கு இதைவிட நேரான அனுபவம் எது? ஆனால் அவரது ரெஸ்யூமில் "ஹாபி: புத்தகம் படித்தல்" இருக்கும், இது இருக்காது.

விவரம் எழுதும்போது கருவி, அளவு, காலம், தன் பங்கு ஆகிய நான்கும் இருந்தால் போதும். டேலியில் பதிவு செய்தேன் என்பது கருவி. மாதம் எத்தனை பில் என்பது அளவு. எத்தனை மாதம் என்பது காலம். பதிவு மட்டுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் தயாரித்தேனா என்பது தன் பங்கு.

5.4 பிறர் சொல்

நம் ஊரில் பாதி வேலை "சொல்லி வைத்து" வருவது. அதைச் சிபாரிசு என்று இகழ்ந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் சிபாரிசில் இரண்டு வகை உண்டு. "நம்ம பையன், பார்த்துக்கோங்க" என்பது உறவின் பேரில் கேட்கும் தயவு. "இந்தப் பையன் எங்க லைனில் ஆறு மாசம் இருந்தான், பேட்டர்ன் பார்த்து வேலை செய்வான், லீவு எடுக்க மாட்டான்" என்பது சான்று. இரண்டாவதைச் சொல்பவர் தன் பெயரையும் பணயம் வைக்கிறார். பொய் சொன்னால் அடுத்த முறை அவர் பேச்சு எடுபடாது. ஆகவேதான் அது நம்பப்படுகிறது.

இதன் வலிமையும் அளக்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஏபெல், பர்கர், பிரைனோ ஆகியோர் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் முதலாளியின் பரிந்துரைக் கடிதம் இணைத்த விண்ணப்பங்களுக்கு, இணைக்காதவற்றைவிட 60 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. பெண்களின் விண்ணப்பங்களில்தான் இந்தப் பயன் முதன்மையாக வெளிப்பட்டது. இணையவழிப் பணிச் சந்தையான ஓடெஸ்கில் நடந்து 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்த 952 பேருக்கு வேலை கொடுத்து, அவர்கள் வேலை பற்றிச் சிலருக்குப் பொதுவான மதிப்புரையும் சிலருக்கு விரிவான மதிப்புரையும் பகிரங்கமாக எழுதப்பட்டன. வேலை கிடைத்ததும், மதிப்புரை விரிவாக அமைந்ததும் அவர்களுக்கு அடுத்தடுத்து வேலை கிடைப்பதை உயர்த்தின.

நம் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டைப் பாருங்கள். பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, "நடத்தை நன்று". வேலையை விட்டு வரும்போது சூப்பர்வைசரிடம், "சார், நான் எந்த மெஷின்ல என்ன வேலை பார்த்தேன்னு ரெண்டு வரி சேர்த்து எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்டால் பலரும் எழுதித் தருவார்கள்.

5.5 செய்து காட்டல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லர் வேலைக்கு வருபவரிடம் ரெஸ்யூம் கேட்பதில்லை. ஓவர்லாக்கா, ஃபிளாட்லாக்கா என்று கேட்டு, நாலு கட் பீஸைக் கையில் கொடுத்து மெஷினில் உட்கார வைப்பார்கள். துணியை அடுக்கிப் பிடிக்கும் விதத்திலேயே பாதி முடிவாகிவிடும். தையல் நேராக ஓடுகிறதா, ஓரம் இழுக்கிறதா என்பதில் மீதி. இதைவிட நேர்மையான தேர்வு முறை எந்த உயர்ந்த அலுவலகத்திலும் இல்லை.

ஆய்வும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. 1998இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டுக் கால ஆராய்ச்சியைத் தொகுத்து 19 தேர்வு முறைகளை ஒப்பிட்டனர். ஒரு முறை தரும் கணிப்புக்கும் பின்னாளைய வேலைத் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. மாதிரி வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54, எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு 0.10, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதற்கு 0.18. சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் கணக்கிடும் முறையைத் திருத்தி மறுபடி பார்த்தபோது மாதிரி வேலையின் மதிப்பு 0.33 ஆகக் குறைந்தது. ஆனால் அனுபவ ஆண்டுகளின் மதிப்பு 0.07 ஆக இன்னும் கீழே போயிற்று. இவ்விரண்டுக்கும் இடையிலான வரிசை மாறவில்லை.

வேலை தேடுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கேட்பதற்குக் காத்திராமல் செய்து காட்ட வாய்ப்புத் தேடுவது. மென்பொருள் எழுதுபவர் தன் நிரலைக் கிட்ஹப்பில் வைக்கலாம். வெல்டர் தான் போட்ட ஜாயிண்டைப் படமெடுத்து வைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தை மூலத்தோடு அனுப்பலாம். "ஒரு நாள் ட்ரையல் பார்த்துட்டுச் சொல்லுங்க சார்" என்பவரை மறுப்பது கடினம். அந்த ட்ரையல் ஒரு நாளோடு நிற்க வேண்டும். வாரக்கணக்கில் கூலியில்லாமல் வேலை வாங்குவது தேர்வு ஆகாது.

6. நேர்காணலில் திறன்

நேர்காணல் எல்லாம் ஒரு தரமல்ல. வாய்க்கு வந்ததைக் கேட்டு, ஆளைப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மதிப்பிடுவது இன்னொன்று. சாக்கெட் குழுவின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முன்னதற்கு 0.19, பின்னதற்கு 0.42. எல்லா முறைகளிலும் முதலிடம் பெற்றது இந்த ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான். அப்படிப்பட்ட நேர்காணலில் பெரும்பாலும் கேட்பது, "இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பதே.

பொறியியல் கல்லூரி கேம்பஸ் நேர்காணல்களில் அடிக்கடி நிகழும் உரையாடல் இவ்வாறு போகும்:

"புராஜெக்ட் என்ன பண்ணினீங்க?"

"சார், நாங்க நாலு பேரு சேர்ந்து தொட்டி நிறைஞ்சா மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஒரு சிஸ்டம் பண்ணினோம்."

"நாலு பேரு சரி. நீங்க என்ன பண்ணினீங்க?"

இந்த இடத்தில் மௌனம் விழுந்தால் கதை முடிந்தது. ரெடிமேடாகப் புராஜெக்ட் விற்கும் சென்டர்கள் இருப்பது கேட்பவருக்கும் தெரியும். அவர் சோதிப்பது கருவியையன்று, கையை. மாறாக, விடை இப்படி வந்தால்:

"ஸ்டார்ட்டர் வயரிங்கும் ஃப்ளோட் ஸ்விட்சும் நான் பண்ணினது சார். முதல்ல மோட்டார் போட்டவுடனே ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சு. ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் அதிகமா இழுக்கும்னு லேப்ல எங்க சார் சொன்னாரு. மோட்டார் பிளேட்ல போட்டிருந்த கரண்டைப் பார்த்தேன். ரிலே செட்டிங் அதைவிடக் கம்மியா இருந்துச்சு. சரி பண்ணினதும் நின்னுடுச்சு."

இதில் சூழல், பொறுப்பு, செயல், விளைவு நான்கும் வரிசையாக அமைந்திருக்கின்றன. சிக்கல் வந்ததை மறைக்கவில்லை. லேப் ஆசிரியரின் உதவியைத் தன்னுடையதாக்கிக் கொள்ளவுமில்லை. கைவைத்துச் செய்யாதவரால் இந்த விவரம் சொல்ல முடியாது. இத்தகைய நிகழ்ச்சிகள் நாலைந்தைத் தன் படிப்பிலிருந்தும் வேலையிலிருந்தும் பொறுக்கி முன்கூட்டியே சொல்லிப் பழகினால், கேள்வி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதேனும் ஒன்று பொருந்தும்.

ஆங்கிலம் பற்றி: ஷாப் ஃப்ளோர் வேலைகளுக்கான நேர்காணல் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது. ஐ.டி., வங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைகளில் ஆங்கிலம் வேலையின் ஒரு பகுதி. அங்கே தப்ப முடியாது. ஆனால் மனப்பாடம் செய்த சுயஅறிமுகத்தைவிட, தான் செய்த வேலையைச் சிறு சிறு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது பயன் தரும். துறைச் சொற்கள் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் தெரியும். இடையில் வேண்டியவை சில வினைச்சொற்களே.

7. வரம்புகள்

இதுவரை சொன்னவை அனைத்தும் வேலை தேடுபவர் செய்யக்கூடியவை. எல்லாம் அவர் கையில் இல்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

சுக்தேவ் தோராட், பால் அட்டெவெல் இருவரும் இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள விண்ணப்பங்களை அனுப்பி, முடிவை 2007இல் வெளியிட்டனர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடத் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் தில்லிப் பகுதியின் பெருநிறுவன மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டனர். தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அவர்களே, குடும்பப் பின்னணியைக் கேட்டறிவதையும் இயல்பாகக் கருதினர்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் பயோடேட்டாவின் தனி விவரப் பகுதி அதை வேறு வாசல் வழியாக உள்ளே விட்டுவிடுகிறது. தந்தை பெயர், மதம், சொந்த ஊர், சில சமயம் சமூகப் பிரிவே கூட. இவற்றில் எதுவும் வேலைத் திறனைக் காட்டுவதில்லை. இவற்றை நீக்குவதால் விண்ணப்பதாரருக்கு இழப்பில்லை. நீக்கினால் பாகுபாடு ஒழிந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நேரில் போனால் கேள்வியாக வரும். அங்கே திருந்த வேண்டியவர் கேட்பவர்.

வலுவான சான்று பாகுபாட்டை முழுதும் வெல்லாது. ஆனால் திறன் பற்றிய தகவல் இல்லாத இடத்தில்தான் முன்முடிவு அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. வெற்றிடத்தைக் குறைப்பது விண்ணப்பதாரரால் முடியும்.

8. நடைமுறைப் பரிந்துரைகள்

வேலை தேடுவோர்: விளம்பரத்தில் கேட்டுள்ள திறன்களை ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தன்னிடமுள்ள சான்று என்ன என்று எழுத வேண்டும். சான்று இல்லாத இடம் தெரிந்துவிடும். அடுத்துக் கற்க வேண்டியதும் அதுவே. பெயர் மாற்றிப் பார்க்கும் சோதனையில் தப்பும் வரிகள் மட்டும் ரெஸ்யூமில் மிஞ்சட்டும். தெரியாததை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடலாம்.

கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும்: எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூம் மாதிரியைக் கொடுப்பது மாணவர்களை ஒருவரையொருவர் மறைக்கச் செய்கிறது. குழுவாகச் செய்த புராஜெக்டில் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே குறித்துக் கையெழுத்திட்டுத் தந்தால் அது நூறு நன்னடத்தைச் சான்றுக்குச் சமம்.

வேலை தருவோர்: விலகிச் செல்லும் ஊழியருக்குத் தரும் சான்றில் அவர் பார்த்த வேலையை எழுதுங்கள். தேர்வில் ஒரு சிறு மாதிரி வேலையைச் சேருங்கள். மதமும் குடும்பமும் கேட்கும் கட்டங்களை விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

9. முடிவுரை

திறன் உள்ளவருக்கு வேலை கிடைக்காமல் போவதற்கு அவர் பேசத் தெரியாதவர் என்பதையே நாம் காரணமாகச் சொல்லி வருகிறோம். அதனால் பேச்சுப் பயிற்சி வகுப்புகள் பெருகின. இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் வேறொன்றைச் சுட்டுகின்றன. ஜோகன்னஸ்பர்க் இளைஞருக்கு உதவியது பேச்சன்று, காட்டத்தக்க தேர்வு முடிவு. ஓடெஸ்க் பணியாளருக்கு உதவியது அவர் வேலையைப் பார்த்தவர் எழுதிய மதிப்புரை. திருப்பூர் டெய்லருக்கு உதவுவது நாலு கட் பீஸ். நாவன்மை இல்லாதவரும் சான்று தர முடியும். சான்று இல்லாத நாவன்மை அடுத்த கேள்வியில் நின்றுவிடும்.

எனவே வேலை தேடப் புறப்படும் இளைஞர்கள் ரெஸ்யூமைத் திறந்து, "கடின உழைப்பாளி" என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தாங்கள் உழைத்த ஒரு வேலையை எழுத வேண்டும். என்ன வேலை, எந்தக் கருவி, எவ்வளவு, எத்தனை நாள், யாரைக் கேட்டால் தெரியும் என்று எழுதினால், மீதி முடிவைப் படிப்பவரே எடுத்துக்கொள்வார்.